உச்சி தாண்டி எடுத்த படங்கள்

உக்காருங்கண்ணே. ஸ்டேஷன் ரைட்டர் ஐயா டீ குடிக்கப் போயிருக்காரு, இப்பதைக்கு வர மாட்டாரு. கையெழுத்து நோட்டு அவர் மேசைக்குள்ள இருக்கு, அவர் வராம யாரும் தொட மாட்டாங்க. முத நாளு எல்லாரும் இப்படித்தான் வாசல்ல நின்னுக்கிட்டே இருப்பாங்க. போகப் போகப் பழகிரும். இந்த வேப்ப மரத்து நிழல் இன்னும் செத்த நேரத்துல நகந்துரும், இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க.

எதுல கேசு? வரப்புத் தகராறா. மம்பட்டியா, அருவாளா? சரி சரி, சொல்ல வேணாம். ஜாமீன் கொடுத்துட்டு, எந்த ஊர்ல தங்கிக் கையெழுத்துப் போடணும்னு ஜட்ஜு சொல்றாரோ அங்க வந்து கெடக்க வேண்டியதுதான். நமக்குக் கம்பம். கம்பம் எங்க இருக்கு, இந்த அருப்புக்கோட்டை எங்க இருக்கு. அங்க திராட்சைக் கொடிக்கு நடுவுல ஜிலுஜிலுன்னு இருந்த ஆளு, இங்க ஒரு லாட்ஜுல பேன் காத்து கூட கொதிக்குது.

எனக்கு என்ன கேசா? எனக்குச் சூரியன்ணே. சிரிக்காதீங்க. சூரியனைப் படம் எடுத்ததுல வந்த கேசு. வர்ற திங்கக்கிழமை தெரிஞ்சுரும், வீட்டுக்குப் போறேனா இல்ல இந்த வேப்ப மரத்தடியிலயே வேர் விடுறேனான்னு. வக்கீலு கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட்டுருக்காரு. என் வீடு, என் ஸ்டுடியோ, என் மொட்டை மாடி. போகணும்ணே. போயே ஆகணும்.

என் பேரு பாண்டீஸ்வரன். கம்பத்துல வந்து ஸ்டுடியோக்காரர்னா வீட்டைக் காட்டுவாங்க. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எல்லாம் நம்மதான். நம்ம எடுத்த வீடியோவுல ஒரு இடத்துல கூட தூக்கிப் போடாது. தாலி கட்டுற கை அப்படியே வழிஞ்சு வரும். எடுத்தது எடுத்தபடி கொடுப்பேன். பொண்ணைச் செவப்பாக்கு, மாப்பிள்ளைக்கு முடி வை, இந்த வேலையெல்லாம் நம்மகிட்ட ஆகாது. ஒருத்தன் செத்துப்போன அப்பனைக் கல்யாணப் படத்துல ஒட்டிக் கொடுன்னு வந்தான். பிடரியில ஒண்ணு வச்சு அனுப்புனேன்.

ஒரு கிரகணத்தன்னைக்குப் பிடிச்ச கிறுக்குண்ணே இது. மதுரையில வானத்தைப் பாக்குற ஆளுகளுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. வாத்தியாருங்க, டாக்டருங்க, பேங்குக்காரங்க. அதுல சேந்தேன். என்னைக் கண்டா, ‘வாங்க கல்யாண வீடியோ’ன்னுவாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க, ஆனா சுருக்குன்னு இருக்கும். இவனுக பூராம் ஒத்தைப் படத்தைக் காட்டிக்கிட்டு இருக்கானுக, நம்ம சூரியன் சுத்துறதையே சினிமாவா காட்டுவோம்னு முடிவு பண்ணேன். அதுல கரும்புள்ளி இருக்குல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகரும். இடது ஓரத்துல எட்டிப் பாத்து, நடுவுக்கு வந்து, வலது ஓரத்துல மறையும். நாளைக்கு ஒரு படம். பங்குனியில ஆரம்பிச்சு ஆனி பொறக்குற வரைக்கும். அம்புட்டையும் சேத்து ஓட்டுனா, சூரியன் பம்பரமாட்டம் சுத்துறது கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நாள் விடலண்ணே. அதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கங்க. கோர்ட்டுல கூட அதைத்தான் சொல்லப் போறேன். ஒரு நாள் கூட விடல.

மொட்டை மாடியில டெலஸ்கோப்பை நிப்பாட்டி, அதுல கேமராவை மாட்டிப் படம் எடுக்குறது நான். அதைச் சேத்துச் சினிமா ஆக்குறது என் மச்சினன் சுருளிவேல். நாகஜோதி தம்பி. நாகஜோதின்னா என் வீட்டுக்காரி. கம்ப்யூட்டர்ல அவன் கெட்டிக்காரன், அதை நான் இல்லேங்கல. அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் வச்சுருந்தான். என்ன பண்ணும்னா, எல்லாப் படத்துலயும் சூரியனோட விளிம்பைத் தேடிப் பிடிச்சு நட்ட நடுவுல உக்கார வைக்கும். ஒரு நாள் வெளிச்சம் கூட இருக்கும், ஒரு நாள் மேகம் பூசுன மாதிரி இருக்கும், அதையெல்லாம் ஒரே சமமாக்கும். அப்பறம் வரிசையா கோத்து ஓட்டிரும். படத்துல கை வைக்காம இதை மட்டும் செய்யணும்னு சொல்லித்தான் கொடுத்தேன்.

இதுல ஒரு சங்கதி இருக்கு, கேளுங்க. எங்க ஊர்ல காலையில மலைப் பக்கம் மூட்டமா இருக்கும். மதியத்துக்கு மேல கேரளாவுல இருந்து மேகம் ஏறி வந்துரும். நடுவுல, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி, அந்த ஒரு மணி நேரம்தான் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். அப்ப எடுத்துறணும். அந்த நேரத்துல வீடு அசையக் கூடாது. மாடியில ஒருத்தர் நடந்தாப் போதும், தளம் அதிர்ந்து சூரியன் தளும்பும். கீழ மிக்சி ஓடுனா கரண்டு எறங்கி, சூரியன் போற பக்கமா டெலஸ்கோப்பைத் திருப்புற மோட்டரு திக்கும். இதெல்லாம் அவளுக்கு உக்கார வச்சுச் சொல்லியிருக்கேன். ஒரு மணி நேரம் பேசாம உக்காந்திருக்க ஒரு பொம்பளைக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க.

பங்குனிக் கடைசியில ஒரு நாள், நான் போகஸைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், காஞ்ச துணி எடுக்க மேல வர்றா. தங்கு தங்குன்னு நடக்குறா. நானும் மனுசன்தானே. கொடிக் கம்பை உருவி ஒண்ணு வச்சேன். ஒண்ணுதான். அவ படியில உருண்டதுக்கு நான் என்ன செய்ய? அந்தப் படி வழுக்கும், கட்டுன கொத்தனார் அப்பவே சொன்னான். கீழ போயி அவளைத் தூக்கி உக்கார வச்சு, நெத்தியில மஞ்சப் பத்துப் போட்டுவிட்டு, நான்தாண்ணே போட்டுவிட்டேன், திரும்ப மேல வந்தா சூரியன் உச்சி தாண்டிருச்சு. மேகம் வர்றதுக்குள்ள அவசர அவசரமா எடுத்தேன். விடல பாத்தீங்களா.

இன்னொரு நாள் மிக்சி. தேங்காய் அரைச்சுட்டா. அன்னைக்கு ஜாரு செவுத்துல ஒடைஞ்சது, அவ கையிலயும் கொஞ்சம் பட்டுருச்சு. சித்திரையில ஒரு நாள் அவுங்க அம்மாகிட்டப் போன்ல அழுதுக்கிட்டு இருந்தா. அழுதா தளம் அதிராதுதான். ஆனா சத்தம் மேல வரைக்கும் கேக்குதே. போனைப் பிடுங்கப் போனேன், அவ விடல, மணிக்கட்டு சடக்குன்னுச்சு. வண்டியில பின்னாடி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நான்தான். மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்து இறக்கி விட்டுட்டு, மேகத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை கெடைக்காதான்னு காத்துக் கெடந்து, மூணு மணி வெயில்ல அன்னைக்குப் படத்தை எடுத்தேன். இந்த மாதிரி உழைப்பு எவன் உழைப்பான்?

இப்படி நடுநடுவுல சில நாள். எத்தனைன்னு நான் எண்ணல. எந்த வீட்டுல இல்ல? உங்க வீட்டுல இல்லையா? நீங்க மூஞ்சியத் திருப்புனா மட்டும் இல்லாமப் போயிருமா. சரி விடுங்க.

ஆனி பொறந்துச்சு, எல்லாப் படத்தையும் சுருளிகிட்டக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான். மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு.

“மாமா, ஓட்டிப் பாத்தேன். புள்ளி ஒழுங்கா வருது, திடீர்னு ஒரு நாள் வலது பக்கம் கீழ போயிருது. மறுநாள் பழைய இடத்துக்கே வந்துருது. சூரியன் கவுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.”

“உன் சாப்ட்வேர் சரியில்லடா” அப்படின்னேன்.

“இல்ல மாமா. நேரம் பாத்தேன். உச்சிக்கு முன்ன எடுத்ததெல்லாம் நேரா இருக்கு. உச்சி தாண்டி எடுத்ததெல்லாம் தலைகீழா இருக்கு. சூரியன் உச்சி தாண்டுனா நீங்க டெலஸ்கோப்பை மறு பக்கம் புரட்டிப் போடுறீங்கல்ல, கேமராவும் அதோட சேந்து கவுந்துருது.”

அவன் சொன்னது நெசம்தாண்ணே. புரட்டலேன்னா குழாய் ஸ்டாண்டுல முட்டும், அதனால புரட்டித்தான் ஆகணும். ஆனா பொண்ணு மாப்பிள்ளைய தலைகீழா எடுத்தா பாத்த ஒடனே தெரியும். சூரியன் வட்டமால்ல இருக்கு. வட்டத்துக்கு ஏது தலை, ஏது காலு? எனக்கு எப்படித் தெரியும்?

“அந்தப் படங்களை மட்டும் அரைச் சுத்துத் திருப்பிரவா மாமா? சாப்ட்வேர்ல ஒரு நிமிச வேலை.”

எனக்கு வந்துச்சு பாருங்க. நான் எடுத்த படம். எடுத்தது எடுத்தபடின்னு ஊரே சொல்ற கை. அதை இவன் திருப்புறானாம். “என் படத்துல கை வச்ச, அந்தக் கையை ஒடிச்சுருவேன்” அப்படின்னேன். சும்மா பேச்சுக்குச் சொல்றதுதான். அவன் மெதுவாக் கேட்டான்.

“ஒரு நாள் விடாம உச்சிக்கு முன்ன எடுத்தவரு, இந்தச் சில நாள் மட்டும் ஏன் மாமா பிந்துனீங்க? அன்னைக்கெல்லாம் என்ன?”

“வேலை இருந்துச்சு.”

நாகஜோதி அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. சுருளி ஒவ்வொரு தேதியாச் சொன்னான், என்கிட்ட இல்ல, அவகிட்ட. பங்குனி இன்ன நாளு, சித்திரை இன்ன நாளுன்னு. ஒரு தேதிக்கு அவ நெத்தியத் தொட்டா. ஒரு தேதிக்கு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. அக்காளும் தம்பியும் ஏதோ குடும்ப விசயம் பேசுறாங்கன்னு நான் சாப்பிட உக்காந்துட்டேன். அன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு. இப்ப லாட்ஜுல அந்தக் குழம்புக்கு நாக்கு ஏங்குது.

ஆனா சொல்றேன் கேளுங்க, தப்பு அவன் மேலதான். பாசமான மச்சினன் என்ன செய்யணும்? நான் வேணாம்னு சொன்னாலும், எனக்குத் தெரியாமத் திருப்பி வச்சுருக்கணுமா இல்லையா? ஒரு நிமிச வேலைன்னு அவனே சொன்னான்ல? மாமா நாலு பேரு முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு நெனைச்சுருக்கணும்ல? செய்யலியே. கை வைக்காதன்னேன், வைக்காம விட்டுட்டான். அம்புட்டுத்தான் அவன் பாசம்.

சங்கத்து ஆண்டு விழா மதுரையில ஒரு மண்டபத்துல. வட்டம் கவுந்தது யாருக்குத் தெரியப் போகுதுன்னு நான் படத்தை ஓட்டிக் கூடப் பாக்கல. நான் புதுச் சட்டை. நாகஜோதியையும் கூட்டிட்டுப் போனேன், கட்டு அப்பத்தான் பிரிச்சுருந்துச்சு. டெலஸ்கோப்பையும் கொண்டு போயி மேடையில நிப்பாட்டியிருந்தோம். ‘அடுத்து கம்பம் பாண்டீஸ்வரன் அவர்களின் சூரியன்’னு சொன்னப்போ, நெசமா சொல்றேன், உடம்பெல்லாம் சிலுத்துருச்சு. லைட்டை அமத்துனாங்க. சூரியன் வருது. புள்ளி ஊர்ந்து ஊர்ந்து வருது. சபை கப்சிப்னு இருக்கு. இப்பச் சொல்லுங்கடா கல்யாண வீடியோன்னு எனக்கு மனசுக்குள்ள ஒரே கொண்டாட்டம்.

டக்குன்னு கவுந்துச்சு. நிமுந்துச்சு. கொஞ்ச தூரம் போயி மறுபடியும் கவுந்துச்சு. மொதல்ல பின் வரிசையில எவனோ சிரிச்சான். அப்பறம் மண்டபமே சிரிச்சுச்சு. சூரியனுக்கு விக்கல்னான் ஒருத்தன். காதுல யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சுண்ணே.

லைட்டைப் போட்டாங்க. ஒரு வாத்தியாரு எந்திரிச்சு, ‘ஏன் தம்பி நடுநடுவுல கவுறுது’ன்னு கேட்டாரு. நல்ல மனுசன்தான், கேலியாக் கேக்கல. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள சுருளி மைக்கை வாங்கிட்டான். நிதானமாப் பேசுனான்.

“அதெல்லாம் உச்சி தாண்டி எடுத்த படங்கய்யா. மாமா ஒரு நாளும் நேரம் தவற மாட்டாரு. வீட்டுல அடி விழுந்த நாள்ல மட்டும்தான் பிந்துவாரு. எங்கெங்க சூரியன் கவுறுதோ, அன்னைக்கெல்லாம் என்ன நடந்துச்சுன்னு எங்க அக்காவுக்குத் தெரியும்.”

இது எதுக்குண்ணே? வானத்தைப் பத்திப் பேசுற எடத்துல வீட்டு விசயம் எதுக்கு? ஒருத்தனும் இப்ப சிரிக்கல. அம்புட்டுப் பேரும் திரும்பி நாகஜோதியப் பாக்குறாங்க. அவ தலையைக் குனியுவான்னு பாத்தேன். குனியல.

டெலஸ்கோப்பு ஒரு பக்கமா சாயாம இருக்க மறு பக்கம் இரும்புக் குண்டு ஒண்ணு மாட்டுவோம். அது என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. திருகிக் கழட்டணும், அதுக்கு நேரமாகும், ஆனா கையில இருந்துச்சு. சுருளி மூஞ்சியப் பாத்து ஓங்கி விட்டேன். இடது கன்னத்து எலும்புல பட்டுச்சு. தேங்காய் ஒடைக்கிற சத்தம் மாதிரி. மைக்கு அவன் கையிலயே இருந்ததுனால மண்டபம் பூராம் கேட்டுச்சு. அவன் விழுந்த பெறகும் ரெண்டு விட்டேன்னு சாட்சி சொல்றாங்க. நான் விட்டது ஒண்ணுதான். வேணும்னா ரெண்டு. நாலு பேரு பிடிச்சு அமுக்கி, என் வெரல் ரெண்டை மிதிச்சே ஒடைச்சுட்டானுக. இந்தா, இன்னும் மடங்க மாட்டேங்குது பாருங்க. அதுக்கு யாரு மேலயும் கேசு இல்ல.

அவன் வாயில ரத்தம் கொப்புளிக்குது. நாகஜோதி ஓடி வந்து அவன் தலையை மடியில வச்சுக்கிட்டா. பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மாகிட்ட, “போலீசுக்குச் சொல்லுங்க. நான் எழுதிக் கொடுக்குறேன்” அப்படின்னா. இத்தனை வருசம் என் சோத்தைத் தின்னவ.

இடது கண்ணு பார்வை போச்சுன்னு டாக்டர் எழுதிட்டாரு. எனக்கும் வருத்தம்தான், இல்லேங்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க, டெலஸ்கோப்புல எல்லாரும் ஒத்தைக் கண்ணுலதானே பாக்குறோம். இன்னொண்ணை மூடிக்கிட்டுத்தானே பாக்கணும். அவன் தொழிலுக்கு ஒரு கொறையும் வராது.

இன்னொண்ணு காட்டுறேன், கிட்ட வாங்க. சங்கத்து ஆளு ஒருத்தர் போன்ல அனுப்புனாரு. கண்ணுக் கட்டைப் பிரிச்ச கையோட சுருளி அந்தப் படங்களைத் திருப்பி வச்சு, மறுபடியும் ஓட்டிச் சங்கத்துக்குக் கொடுத்துருக்கான். வெயில்ல தெரியாது, கையை வச்சு மறைச்சுக்கிட்டுப் பாருங்க. இந்தா, புள்ளி வருதா. நடுவுக்கு வருது. போகுது. எங்கயாவது தூக்குதா? ஒரு இடத்துல தூக்காது. தாலி கட்டுற கை மாதிரி வழிஞ்சு வருது பாருங்க. கடைசியில என் பேரு. இந்த லாட்ஜுல தெனம் தூங்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டுத்தாண்ணே படுக்குறேன். இதுல ஒரு நாள் கூட கவுந்த நாள் இல்ல. எல்லா நாளும் ஒரே மாதிரி, நல்ல நாளா இருக்கு.

திங்கக்கிழமை விசயத்துக்கு வர்றேன். நான் ஊருக்கு வரக் கூடாதுன்னு நாகஜோதி எதிர் மனுப் போட்டுருக்கா. அதுக்கு ஆதாரமா என்ன கொடுத்துருக்கான்னு நெனைக்கிறீங்க? என் படத்தை. கோர்ட்டுல ஜட்ஜு முன்னாடி திரை போட்டு ஓட்டப் போறாங்களாம். வக்கீலு சொன்னப்போ எனக்குச் சந்தோசம்தான் வந்துச்சு. அந்த மண்டபத்துல நடக்காதது இங்க நடக்கட்டும், நாலு பெரிய மனுசங்க பாக்கட்டும்னு. வெள்ளைச் சட்டை போடவா, அந்தப் புதுச் சட்டையவே போடவான்னு கேட்டேன். அதுல கொஞ்சம் ரத்தக் கறை இருக்கு, வெளுத்தா போயிரும்.

வக்கீலு சிரிக்கல. “அவங்க ஓட்டப் போறது திருத்துன படம் இல்லய்யா. மண்டபத்துல ஓடுனது” அப்படின்னாரு.

“எதுக்குங்க? நல்லது இந்தா என் போன்லயே இருக்கு. இதைப் போடச் சொல்லுங்க”ன்னு நீட்டுனேன். அவரு போனைத் தள்ளி விட்டாரு. அப்பறம் சொன்னாரு, சூரியன் கவுறுற எடத்துலயெல்லாம் படத்தை நிறுத்துவாங்களாம். நிறுத்தி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நாகஜோதி எந்திரிச்சுச் சொல்லுவாளாம். சொல்லி முடிச்சதும் மறுபடி ஓட்டுவாங்களாம். அடுத்தது கவுறுற வரைக்கும்.

எனக்கு நெஞ்சு பதறிப் போச்சுண்ணே. நீங்களே சொல்லுங்க, இது நாயமா? மூணு மாச வேலை. ஒரு நாள் விடாம எடுத்தது. ஓடுற படத்தை இப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டா, பாக்குற மனுசனுக்குச் சூரியன் சுத்துறது எங்க தெரியும்?

இந்தா, ரைட்டர் வந்துட்டாரு. எந்திரிங்க, போனை இப்படிக் கொடுங்க.